டவரில் இருந்தது லகர் வல்லூறுதானா?

கேள்வி: ஐயா, மேலூர் பக்கம் எங்கள் கண்மாய்க் கரையில் ஒரு செல்போன் டவர் இருக்கிறது. தை மாதக் கடைசியில், காலை ஏழு மணி வாக்கில், அதில் ஒரு வல்லூறு உட்கார்ந்திருந்தது. பழுப்பு முதுகு, கறுப்பு மீசை, மார்பில் கோடு கோடாக இருந்தது. அரிட்டாபட்டி மலையில் லகர் வல்லூறு இருப்பதாகப் படித்திருக்கிறேன். அந்த மலை எங்களுக்குக் கூப்பிடு தூரம். போனில் ஜூம் செய்து இரண்டு படம் எடுத்தேன். ஆப்பில் போட்டுப் பார்த்தால் அதுவும் லகர் என்றே சொன்னது. ஆனால் எங்கள் பறவை நோக்கர் குழுவில் மூத்தவர்கள் “இது போதாது” என்று ஒதுக்கிவிட்டார்கள். கண்ணால் பார்த்தவன் நான். என்னைப் பொய்யன் என்கிறார்களா? எதைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள்? படத்தையும் இடத்தையும் ஃபேஸ்புக்கில் போட்டு ஊரறியச் செய்துவிடலாமா?

— ஒரு வாசகர், மேலூர்

பதில்: முதலில் பறவையைப் பார்ப்போம், கோபத்தை அப்புறம் பேசலாம்.

நீங்கள் சொல்லும் மூன்று அடையாளமும் லகர் வல்லூறுக்குப் பொருந்தும். அதே மூன்றும், வடக்கே இருந்து குளிர்காலத்தில் நம் கண்மாய்களுக்கு வரும் பொரி வல்லூறின் இளம் பறவைக்கும் பொருந்தும். முதிர்ந்த பொரி வல்லூறு என்றால் முதுகு கருஞ்சாம்பலாக இருக்கும், குழப்பம் வராது. இளசுக்கு முதுகு பழுப்பு, மார்பில் நெடுகக் கோடு, கன்னத்தில் மீசை. தை மாதத்தில் கண்மாயில் வாத்தும் உள்ளானும் நிறைந்து கிடக்கும்போது, டவர் மேல் ஏறி உட்கார அதைவிட நல்ல காலம் அதற்கு ஏது? ஆகவே உங்கள் குழுவின் மூத்தவர்கள் கேட்டது, “இது லகர் என்பதற்கு என்ன ஆதாரம்” என்பதைவிட, “இது இளம் பொரி வல்லூறு இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்” என்பதுதான். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு என்னாலும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

மீசை இருந்ததா என்பதைவிட, எவ்வளவு அகலம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லகருக்குக் கண்ணுக்குக் கீழே மெல்லிய கோடாக இறங்கும். பொரி வல்லூறுக்குக் கன்னத்தில் பட்டையாக இருக்கும். உச்சந்தலையைப் பாருங்கள்: லகருக்கு அது வெளிறிய செம்பழுப்பு, கண்ணுக்கு மேலே வெளுத்த புருவம். அடுத்து, உட்கார்ந்திருக்கும்போது மடித்த இறக்கையின் நுனி எங்கே முடிகிறது? பொரி வல்லூறுக்கு ஏறக்குறைய வால்நுனி வரை வந்துவிடும். லகருக்கு வால் நீளம், இறக்கை அதற்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும். தொடையிலும் விலாவிலும் கரும்பழுப்பு அடர்ந்திருந்தால் அதுவும் லகர் பக்கம் சாயும். இளம் லகராக இருந்தால் மார்பில் கோடு என்று சொல்லவே தோன்றாது, நெஞ்சும் வயிறும் ஒரே கரும்பழுப்பாகத் தெரியும். நம் பாறைக் குன்றுகளிலேயே தங்கி வாழும் ஷாஹீன், பொரி வல்லூறின் உள்ளூர்ச் சொந்தம். கறுத்த தலையும் செம்மை படர்ந்த வயிறுமாக இருக்கும். உங்கள் வர்ணனையைப் பார்த்தால் அது இல்லை.

ஆக, அந்த இரண்டு படத்தையும் திரும்ப எடுத்து, இறக்கை நுனியையும் வால் நுனியையும் மட்டும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இப்போது வரும் சில போன்களில் அதிக ஜூம் போட்டால், தெரியாத இடத்தை மென்பொருளே இட்டு நிரப்பிவிடுகிறது. இறகு இறகாகத் தெளிந்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வெட்டாத, வெளிச்சம் கூட்டாத மூலப் படத்தையே கொடுங்கள். எடுத்த தேதியும் நேரமும் அதற்குள்ளேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, அந்த விவரமும் போய்விடும். ஆப் சொன்னதை ஆதாரத்தில் சேர்க்க வேண்டாம். அது ஒரு யோசனை சொல்கிறது, அவ்வளவுதான். நீங்கள் கொடுத்த அதே மங்கல் படத்தைத்தான் அதுவும் பார்த்தது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அரிட்டாபட்டி பக்கத்தில் இருக்கிறது என்ற வரிதான். அனுபவசாலிகளும் இதில் சறுக்குவார்கள். பக்கத்து மலையில் இருக்கிறது என்பதால் இங்கேயும் அதுதான் என்று மனம் முடிவு கட்டிவிட்டால், பிறகு கண் அதற்கு ஏற்றபடியே பார்க்கும். இரண்டு வருடம் கழித்து வேறொருவர் உங்கள் பதிவைக் காட்டி, இங்கேயும் லகர் உண்டு என்று தன் பதிவை எழுதுவார். இப்படி ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, அடியில் ஒரு பறவைகூட இல்லாமல் ஒரு வரலாறே உருவாகிவிடும்.

மேலூர்க்காரருக்கு அரிட்டாபட்டிக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இந்த இடத்தில் நினைவூட்டுகிறேன். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தபோது, சுமார் 250 பறவை இனங்களையும், குறிப்பாக லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளி என்ற மூன்று வேட்டைப் பறவைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. சரியாக இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலத்தில் போனது. ஊரே திரண்டது. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தலத்தை விலக்கி எல்லையை மாற்ற முடியுமா என்று மத்தியச் சுரங்க அமைச்சகம் புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஏலமே ரத்தானது. மக்கள் நின்றதுதான் காரணம், பறவைகள் அல்ல. ஆனால் அந்த நேரத்தில் எதிர்த் தரப்பில் ஒருவர் எழுந்து, “லகர் வல்லூறைப் பார்த்தது யார், படம் எங்கே” என்று கேட்டிருந்தால், சொல்வதற்கு ஆளும் ஆதாரமும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? உங்கள் மூத்தவர்களின் கறார்த்தனம் இதற்காகத்தான்.

பொய்யன் என்கிறார்களா என்று கேட்டீர்கள். இல்லை. பறவைப் பதிவுகளில் பொய் அபூர்வம், பிழைதான் சாதாரணம். ஆனால் பொய்யும் நடந்திருக்கிறது, அதுவும் பெரிய இடத்தில். வனச் சிற்றாந்தை என்று மத்திய இந்தியாவில் ஒரு சிறிய ஆந்தை உண்டு. 1873-இல் ஹியூம் என்பவர் அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். 1880-களுக்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை, ஒருவரைத் தவிர. ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1914-இல் குஜராத்தின் மாண்ட்வியில் தான் ஒன்றைச் சுட்டதாகச் சீட்டு எழுதிப் பாடம்செய்த உடலையும் வைத்திருந்தார். அந்தச் சீட்டை நம்பி, தேடப் போனவர்கள் குஜராத்தில் தேடிக் கைவிரித்தார்கள். பின்னாளில் பமீலா ராஸ்முஸன் என்ற பறவையியலாளர் அந்த உடலை எக்ஸ்ரே எடுத்து, தையலையும் பஞ்சையும் ஆராய்ந்தார். ஜேம்ஸ் டேவிட்சன் 1880-களில் சேகரித்து லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த பறவையைத் திருடி, பிரித்து, மறுபடி தைத்து, புதுச் சீட்டு ஒட்டியிருந்தார் அந்த அதிகாரி. பிறகு தேடியவர்கள் குஜராத்தை ஒதுக்கிவிட்டு, பழைய நம்பகமான பதிவுகள் சொன்ன இடங்களுக்கே போனார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே ஆந்தை பகலிலேயே உட்கார்ந்திருந்தது. ஒற்றைப் பொய்ச் சீட்டு எத்தனை பேரை வேறு மாநிலத்துக்கு அனுப்பியது, பாருங்கள்.

சீட்டில் பொய் இல்லாவிட்டாலும் இடப்பெயர் நம்மை வழிதவற வைக்கும். 1940-களில் இ.ஜி. நிக்கல்ஸ் என்பவர் மதுரை மாவட்டப் பறவைகளைப் பற்றிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடராக எழுதினார். நம் பகுதிக்கு அது பெரிய சொத்து. ஆனால் அன்றைய மதுரை மாவட்டத்தில் திண்டுக்கல்லும் பெரியகுளமும் கொடைக்கானல் மலையும் அடக்கம். “மதுரை” என்று படித்துவிட்டு வண்டியூர்க் கண்மாயில் சோலைக்காட்டுப் பறவையைத் தேடக் கூடாது. அதனால்தான் சொல்கிறேன், “மேலூர் அருகே” என்று எழுதாதீர்கள். கண்மாயின் பெயர், எந்தக் கரை, மடையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். போனில் இடப்புள்ளியும் கிடைக்கும்.

இனி, எதைக் கொடுத்தால் ஏற்பார்கள்? பெயரை மறந்துவிட்டு, பார்த்ததை எழுதிக் கொடுங்கள். எவ்வளவு தூரம், வெயில் எந்தப் பக்கம், வெறுங்கண்ணா பைனாகுலரா, எத்தனை நிமிடம், என்ன செய்துகொண்டிருந்தது, பறந்தபோது அடி இறக்கை எப்படித் தெரிந்தது, வேறு எந்தப் பறவையோ என்று சந்தேகப்பட்டீர்கள், அது ஏன் இல்லை என்று முடிவு செய்தீர்கள். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுங்கள். “கால் நிறம் பார்க்கவில்லை” என்று ஒருவர் எழுதினால் எனக்கு அவருடைய மற்ற வரிகளில் நம்பிக்கை கூடும். புத்தகத்தில் உள்ள அத்தனை அடையாளமும் வரிசையாக வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே, கரையிலேயே நின்று எழுதிய குறிப்பு என்றால் அதற்கு மதிப்பு தனி. இப்போது எழுதினாலும் தவறில்லை, எத்தனை நாள் கழித்து எழுதினீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்தாலும் இதே கேள்விதான் வரும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் எந்தப் பறவை எத்தனை வரை எதிர்பார்க்கலாம் என்று அங்கே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் விவரம் கேட்கும். அதைச் சம்பளம் வாங்காத தன்னார்வலர் ஒருவர் படித்துப் பார்ப்பார். அவர் உறுதி செய்யாவிட்டாலும் உங்கள் சொந்தப் பட்டியலில் அது அப்படியே இருக்கும், பொது வரைபடத்தில் மட்டும் வராது. பின்னாளில் நல்ல படம் கிடைத்தால் பழையதையும் சேர்த்துத் திறக்கலாம். லகரா பொரியா என்று தீரவில்லையென்றால் “வல்லூறு, இனம் தெரியவில்லை” என்று போடவும் வழி இருக்கிறது. அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது.

அன்றைக்கு அந்தக் கண்மாயில் வேறு என்னென்ன இருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லையே? கொக்கும் மைனாவும் நீர்க்காகமும் எத்தனை என்று முழுப் பட்டியலாகப் போடுங்கள். நாடு முழுவதும் சுமார் 30,000 பேர் இப்படிப் போட்ட ஏறக்குறைய 3 கோடிப் பதிவுகளை வைத்துத்தான் 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசியது. 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் கண்மாயையும் சேர்த்துக்கொண்டால், அங்கே எது வழக்கம், எது அபூர்வம் என்று சில வருடத்தில் நீங்களே அடித்துச் சொல்வீர்கள்.

ஃபேஸ்புக் விஷயம்: இப்போது வேண்டாம். லகர் ஜனவரியில் தொடங்கிக் கோடை வரை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவை. பாறை விளிம்பிலும் மரத்தில் மற்ற பறவைகளின் பழைய கூட்டிலும் டவரிலும் முட்டையிடும். உலக அளவிலேயே அச்சுறுத்தலை நெருங்கிவிட்ட இனம். நீங்கள் பார்த்தது அதுவாகவே இருந்து, ஜோடியும் அருகில் இருந்தால், இடத்தைச் சொன்ன மறுநாளே கேமராக்காரர்கள் டவருக்கு அடியில் நிற்பார்கள். குஞ்சு பிடிக்கிறவர்களும் ஃபேஸ்புக் பார்ப்பவர்கள்தான்.

அதற்குப் பதிலாக, குழுவில் உங்களை மறுத்தவர்களில் ஒருவரையே கூட்டிக்கொண்டு ஒரு விடியற்காலை போய்வாருங்கள். பறவை பங்குனியிலும் அங்கேயே கிடந்தால் அது வலசைப் பறவை இல்லை என்ற பக்கம் கொஞ்சம் சாயலாம். டவருக்கு அடியில் புறா இறகும், வல்லூறு கக்கிய எலும்பும் மயிருமான உருண்டையும் கிடக்கலாம். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். வல்லூறின் இறகே கிடந்தாலும் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மேலே பறவை இருந்தால், நீங்கள் எதுவும் பேசாமல் அவரை முதலில் பார்க்கவிட்டு, இருவரும் தனித்தனியே எழுதி முடித்த பிறகு குறிப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள்.