சூப்பர் பவுல் ஞாயிறுக்குச் சர்க்கரைவள்ளி: முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு வந்தால் ஃப்ரீமான்ட்டில் யார் வீட்டு டிவி பெரிதோ அங்கே நாலைந்து குடும்பங்கள் கூடிவிடும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு டச்டவுனுக்கு எத்தனை புள்ளி என்பதே தெரியாது (ஆறு). ஆனாலும் ஊர்ப் பெருமை என்று ஒன்று இருக்கிறதே: 2016இலும் 2026இலும் சூப்பர் பவுல் நடந்த லீவைஸ் மைதானம், 880 நெடுஞ்சாலையில் இறங்கினால் எட்டிவிடும் சான்டா கிளாராவில்தான் இருக்கிறது.

கூடினால் சாப்பாடு. வழக்கமாக விங்ஸ், நாச்சோஸ், சமோசா. இந்தத் தடவை கொஞ்சம் ஆரோக்கியமாக இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் முதலில் எடுப்பது சர்க்கரைவள்ளிக் கிழங்கை. நல்ல தேர்வுதான். ஆனால் அதையே எண்ணெயில் பொரித்து, ரான்ச் கிண்ணத்தில் முக்கிச் சாப்பிட்டால் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எப்படிச் சமைக்கிறோம், எதைத் தொட்டுக்கொள்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

ஆட்டம் நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்கு மாலை 6:30க்குத் தொடங்கும். அங்கே அது இரவுச் சாப்பாட்டு நேரம். நமக்கோ பிற்பகல் 3:30. மதியச் சாப்பாடு முடிந்திருக்கும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரமிருக்கும். சுத்தமான டிபன் வேளை! எனவே வயிறு நிறையச் செய்ய வேண்டாம். கொறிக்கிற அளவுக்கு மூன்று வகை போதும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மொத்தம் நான்கு பவுண்டு கிழங்கு தாராளம்.

மூன்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பாதீர்கள். ஆறிப்போனாலும் ருசிக்கும் சுண்டல் முதலில். சூடாகச் சாப்பிட வேண்டிய பணியாரம் முதல் கால்வாசி ஆட்டம் முடியும்போது. மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய ஓவன் வறுவல் இடைவேளைப் பாட்டுக் கச்சேரிக்கு. சாதாரண ஆட்டங்களைவிட சூப்பர் பவுலில் இடைவேளை நீளம் என்பதால் எல்லோரும் எழுந்து நடமாடுவது அப்போதுதான்.

எந்தக் கிழங்கு வாங்குவது?

கிழங்குக்கு நாம் அதிக தூரம் அலைய வேண்டாம். மெர்செட் மாவட்டத்தில் லிவிங்ஸ்டன், அட்வாட்டர் பக்கத்து மணல் நிலங்களில் விளைவதுதான் இங்குள்ள கடைகளுக்கு வருகிறது. சதை செம்மஞ்சளாக இருக்கும் கார்னெட், ஜூவல் ரகங்களில் ஈரம் அதிகம், இனிப்பும் அதிகம். கண்பார்வைக்கு வேண்டிய பீட்டா கரோட்டின் நிறைந்தது இந்த வகைதான். சில கடைகளில் இதை ‘யாம்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். அது சேனையோ கருணையோ அல்ல, தைரியமாக எடுங்கள்.

ஊரில் பொங்கல் கூட்டுக்குப் போடும் மாவுக் கிழங்கு வேண்டுமென்றால், தோல் ஊதாவாகவும் உள்ளே வெளிர்மஞ்சளாகவும் இருக்கும் ஜப்பானிய ரகம் அதற்கு நெருங்கி வரும். 99 ரேஞ்ச் மாதிரி ஆசியக் கடைகளில் கிடைக்கும். சுண்டலுக்கு இது, பணியாரத்துக்கும் வறுவலுக்கும் செம்மஞ்சள். ஒரே பருமனில், கையடக்கமாக உள்ளவற்றைப் பொறுக்குங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், நடுப்பகுதி வேகாமல் கட்டியாகிவிடும்.

வேகவைப்பதா, சுடுவதா?

மவுன்டன் வியூவின் எல் கமினோ மருத்துவமனை 2006இல் தெற்காசியர்களுக்கென்றே ஓர் இதய நல மையம் தொடங்கியது. நம் ஆட்களுக்குச் சர்க்கரையும் இதய நோயும் சீக்கிரமே வருவதுதான் காரணம். உங்கள் வரவேற்பறையிலும் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களுக்காக இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஜமைக்காவில் பயிராகும் 10 ரகங்களை வைத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தண்ணீரில் வேகவைத்த கிழங்கின் கிளைசெமிக் குறியீடு 41 முதல் 50 வரை இருந்தது. அதே கிழங்குகளை ஓவனில் சுட்டபோது 82 முதல் 94 வரை ஏறியது. கிழங்கு அதேதான், ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம்தான் வேறு.

அதற்காக ஓவனை மூடிவைக்கச் சொல்லவில்லை. அவித்தது நிறைய, சுட்டது கொஞ்சம். எதோடும் கடலை, தயிர் என்று புரதம் துணைக்கு இருக்கட்டும்.

முதல் தட்டு: சர்க்கரைவள்ளிச் சுண்டல்

ஒன்றரை பவுண்டு ஜப்பானியக் கிழங்கைத் தோலோடு நன்றாகத் தேய்த்துக் கழுவி, முக்கால் அங்குலச் சதுரங்களாக நறுக்குங்கள். உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் எட்டு நிமிடம். கத்தி முனை சிரமமில்லாமல் இறங்க வேண்டும், துண்டு உடையக் கூடாது. உடனே வடித்து அகலமான தட்டில் ஆறவிடுங்கள். சூட்டோடு கிளறினால் மசியல்தான் மிஞ்சும்.

இரண்டு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஊறவைத்து வேகவைத்த கறுப்புக் கொண்டைக்கடலை ஒன்றரை கப், பிறகு கிழங்கு. இரண்டு புரட்டு. ஃப்ரோசன் தேங்காய்த்துருவல் மூன்று மேசைக்கரண்டி, எலுமிச்சை அரை மூடி. சின்னக் காகிதக் கப்புகளில் போட்டுப் பல்குச்சி குத்திவிட்டால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சாப்பிடலாம்.

இரண்டாம் தட்டு: கிழங்குப் பணியாரம்

இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆழப் பொரித்ததைப் போன்ற மேல்தோல், செலவாவதோ சில சொட்டு எண்ணெய்.

படி 1. ஒரு பெரிய செம்மஞ்சள் கிழங்கை இரண்டாகப் பிளந்து இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள்; இருபது நிமிடம் ஆகலாம். தண்ணீரில் போடாதீர்கள், மசியல் நீர்த்துவிடும். தோலுரித்து மசித்து, ஆவி அடங்கும்வரை திறந்தே வையுங்கள். ஒரு கப் மசியல் வேண்டும்.

படி 2. இரண்டு கப் புளித்த இட்லி மாவில் இதைச் சேருங்கள். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி எல்லாம் பொடியாக நறுக்கிக் கடுகோடு வதக்கிக் கொட்டுங்கள். மாவு கரண்டியிலிருந்து ஒழுகக் கூடாது, சொத்தென்று விழ வேண்டும். இளகினால் பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி. அரிசி மாவு போட்டால் கல்லாகிவிடும்.

படி 3. பணியாரக் கல் நன்றாகக் காய்ந்ததும் தீயைக் குறைத்து, குழிக்கு கால் தேக்கரண்டி எண்ணெய். முக்கால் குழி மாவு ஊற்றி மூடிவையுங்கள். கிழங்கில் சர்க்கரை இருப்பதால் சாதாரணப் பணியாரத்தைவிடச் சீக்கிரம் கருகும். தீ கூடினால் வெளியே கறுத்து உள்ளே மாவாக இருக்கும். ஓரம் காய்ந்து குழியை விட்டு விலகியதும் குச்சியால் திருப்பி, மறுபக்கம் இரண்டு நிமிடம்.

இருபத்தைந்து பணியாரம்வரை வரும். முதல் ஈடு எப்போதும் சமையல்காரருக்கு.

மூன்றாம் தட்டு: ஓவன் வறுவல்

“ஓவனில் போட்டேன், தொளதொளவென்று ஆகிவிட்டது” என்று சொல்லாதவர் இல்லை. ஈரமும் நெருக்கடியும்தான் காரணம். ஒன்றரை பவுண்டு கிழங்கை அரை அங்குலக் குச்சிகளாக வெட்டி, குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள், மேலே ஒட்டிய மாவுச்சத்து போகும். பிறகு துணியில் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். ஒரு மேசைக்கரண்டி கார்ன் ஸ்டார்ச் (ஊரில் நாம் கார்ன்ஃப்ளவர் என்று வாங்கியது) தூவிக் குலுக்கி, அதன் பின் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய். உப்பு இப்போது கூடாது; தண்ணீர் விடும்.

ஓவன் 425 டிகிரி ஃபாரன்ஹீட். இரண்டு தட்டுகளில், ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். பதினைந்து நிமிடத்தில் திருப்பி, மேலும் பத்து நிமிடம். வெளியே எடுத்த பிறகு உப்பும் இட்லிப் பொடியும் தூவுங்கள். முன்பே தூவினால் மிளகாய் கருகி வீடு முழுக்க இருமல்.

தொட்டுக்கொள்ள

இரண்டு மேசைக்கரண்டி ரான்ச்சில் ஏறத்தாழ 130 கலோரி, அநேகமாக எல்லாம் கொழுப்பு. கிரேக்கத் தயிரில் புதினா, கொத்தமல்லி, பச்சைமிளகாய் அரைத்துக் கலந்தால் அதே வழவழப்பு வரும். பணியாரத்துக்குக் கெட்டியான பொட்டுக்கடலைச் சட்னி. பிள்ளைகள் கெட்சப் கேட்பார்கள். ஒரு நாள்தானே, கொடுங்கள்.

சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் யாராவது வருகிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இந்தக் கிழங்கில் அது அதிகம். அவர்களுக்கு வெறும் இட்லி மாவுப் பணியாரம் ஒரு ஈடு தனியாக ஊற்றிவிடலாம்.

மேசையில் எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடும் என்பதால் சுண்டலைப் பாதிப் பாதியாக வெளியே எடுங்கள். மீந்த மசியல் திங்கட்கிழமை அடை மாவில் போகும். வறுவல் மட்டும் மறுநாள் தேறாது, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.