படித்த பிறகு பட்டனை அழுத்துவோம்



ஊறுகாய் போடுபவர், தையல் கடை வைத்திருப்பவர், இட்லி மாவு அரைத்து விற்பவர் என நம் குழுக்களில் தொழில் செய்பவர்கள் பலர். கடன் கேட்டு வங்கிக்குப் போனால், "உத்யம் சான்று இருக்கா?" என்று கேட்கிறார்கள். உடனே நாம் ஆதாரையும் செல்போனையும் யாரிடமாவது கொடுத்து, "நீங்களே போட்டுக் குடுத்துடுங்க" என்கிறோம். காசும் போகிறது, நம் பெயரில் என்ன எழுதினார்கள் என்பதும் தெரிவதில்லை.

உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இது மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் பதிவு. இதற்குக் கட்டணம் இல்லை. ஆவணம் எதையும் ஏற்றத் தேவையில்லை. நாம் தரும் சுய உறுதிமொழியே போதும். இந்த மூன்றும் இணையதளத்திலேயே எழுதியிருக்கிறது. இதைப் படித்தவரிடம் 'அரசுக் கட்டணம்' என்று யாரும் ஏமாற்றி வாங்க முடியாது. படிக்காதவருக்கோ பெரிய ஆபீஸ் வேலை போல மலைப்பாக இருக்கும்.

ஆகவே, திரையில் நான்கு இடங்களில் நின்று படிப்போம்.

1. முகவரி: அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். தனியார் தளங்களும் இதே போலப் படிவம் காட்டி, கடைசியில் பணம் கேட்கும். அதைப் பார்த்து, "பதிவுன்னாலே காசுதான்" என்று நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம்.

2. முதல் கேள்வி: புதியவரா, ஏற்கெனவே பதிந்தவரா? ஒரு தொழிலுக்கு ஒரு பதிவுதான். பழைய எண் இருந்தால் புதிதாகப் போடக்கூடாது.

3. முதலீடு: 'ஆலை, இயந்திரம்' என்று பார்த்ததும், "நம்மகிட்ட ஆலை ஏது?" என்று விட்டுவிடாதீர்கள். தையல் மிஷினும் கிரைண்டரும் இயந்திரம்தான். 2025 ஏப்ரல் 1 முதல், முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்பனை 10 கோடி ரூபாய்க்கும் மிகாதவை குறுந்தொழில்கள். நம் தொழில்கள் இதில்தான் வரும்.

4. ஓ.டி.பி.: எதற்காக வந்தது என்று செய்தியை முழுவதும் படித்துவிட்டு, நாமே பதிவோம். இ-சேவை மையத்தில் உதவி கேட்டாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்போம்.

பான் அட்டை அவசியம். பான், ஜி.எஸ்.டி. இல்லாத மிகச் சிறிய தொழில்களுக்காக 2023 ஜனவரியில் உத்யம் அசிஸ்ட் தளம் தொடங்கப்பட்டது. அதில் வங்கி போன்ற நிறுவனங்கள் வழியாகப் பதியலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். சான்று வந்துவிட்டால் கடன் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. அதை வங்கிதான் முடிவு செய்யும்.

குழுக் கூட்டத்தில் செய்து பார்க்க:

* ஒருவர் திரையில் உள்ள ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படிக்கட்டும். இன்னொருவர் தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும்.
* புரியாத சொற்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.