கல்லாப் பணம் யாருடையது?



சூதின் தீமையைச் சொல்ல வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதை மீண்டும் சொல்வது இந்தப் பாடத்தின் நோக்கமன்று. போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் கைதேர்ந்தவர்கள் தங்கள் பணத்தைக் காக்க வைத்திருக்கும் விதிகளைப் பார்ப்போம். அவற்றில் மளிகைக் கடைக்காரர் கற்க வேண்டியதும் உண்டு.

அவர்களின் இரண்டு விதிகள்

1. ஆட்டத்துக்கென்று தனிப் பணம். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை எதுவும் அதில் கலக்கக் கூடாது. முழுவதும் போனாலும் மறுநாள் அடுப்பு எரிய வேண்டும்.

2. அந்தப் பணத்திலும் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மேசையில் வைக்கக் கூடாது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,00,000 ரூபாய் உள்ளவர், ஒவ்வொரு முறையும் இருப்பதில் பாதியை வைத்து மூன்று முறை தோற்றால் மிஞ்சுவது 25,000. இருபதில் ஒரு பங்காக வைத்துப் பத்து முறை தொடர்ந்து தோற்றாலும் ஏறத்தாழ 1,20,000 மிஞ்சும். பாதி முதல் போனால் அதை மீட்க 100 சதவீத லாபம் வேண்டும். மளிகையில் அது ஏது?

ஆனால் இந்த விதிகள் ஆட்டத்தில் லாபம் தருவதில்லை. ஆட்டம் நடத்துபவர் ஒவ்வொரு சுற்றிலும் தம் பங்கை எடுத்துக்கொள்கிறார். அது 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மேசையில் சுற்றும் 100 ரூபாய் ஏழே சுற்றில் 48 ரூபாயாகிவிடும். சம திறமை உள்ளவர்கள் ஆடினாலும் இதுதான் கதி. கட்டுப்பாடு தோல்வியைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

சட்டம் சொல்வது

2021இல் நம் மாநிலம் கொண்டுவந்த தடையை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, புதிய சட்டத்தின் தடையிலிருந்து அவற்றை விலக்கியது. 2025 பிப்ரவரியில் வந்த மாநில விதிமுறை, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது.

அந்த நள்ளிரவு நேரத்தைக் கவனியுங்கள். அன்றைய வசூல் வந்து, கோயம்பேடு கொள்முதலுக்குப் போகுமுன் நம்மிடம் தங்கும் நேரம் அது. முன்பு கல்லா பூட்டிய பெட்டியில் இருந்தது. இன்று வசூலில் பெரும்பகுதி கைபேசியில் வருகிறது. ஆட்டமும் அதே கைபேசியில்தான் வந்தது.

நம் கல்லாவில் எவ்வளவு நம்முடையது?

ஆவடியில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். இரவு வசூல் 30,000. மொத்த வியாபாரிக்கு 18,000, காலைக் காய்கறிக்கு 6,000, வாடகை, மின்சாரம், கூலிக்கு 3,000, வீட்டுக்கு 2,000. மீதம் 1,000. கண்ணுக்குத் தெரிவது முப்பதாயிரம், நம்முடையது ஆயிரம். மற்றவை பிறர் பணம். அதில் கை வைத்தால் போவது பணம் மட்டுமன்று, பூந்தமல்லி மண்டிக்காரர் சீட்டு எழுதாமல் சரக்கு ஏற்றிவிடும் நாணயமும்தான்.

கடைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை

இரண்டாம் விதி கடைக்கு நன்கு பொருந்தும். முதல் 2,00,000 என்றால் ஒரு வாடிக்கையாளருக்குக் கடன் 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே தொழிற்சாலையை நம்பிய பத்துக் குடும்பங்களுக்குக் கடன் கொடுத்தால், அது பத்து மேசையன்று, ஒரே மேசை. அங்கே சம்பளம் தள்ளிப்போனால் பத்துக் கணக்கும் ஒன்றாக நிற்கும். விலை ஏறும் என்று தேவைக்கு மேல் மிளகாய் வற்றலோ துவரம் பருப்போ குவிப்பதும் பந்தயமே. அதற்கும் இதே அளவு வேண்டும்.

கடைக்குத் தனி வங்கிக் கணக்கு, வீட்டுக்குத் தனிக் கணக்கு வைப்போம். பிறருக்குச் சேர வேண்டியதை இரவே நாள்வழியில் எழுதி ஒதுக்குவோம்.

ஏற்கெனவே இழந்தவர்கள், மீட்க ஆட வேண்டாம். தவணை நாளுக்கு முன்பே மண்டிக்காரரிடம் நேரில் சொல்லி அவகாசம் கேளுங்கள். மனம் தளர்ந்தால் டெலிமானஸ் 14416 என்ற இலவச எண்ணை அழையுங்கள். வீட்டாரிடம் மறைக்க வேண்டாம். இழந்த முதலை உழைத்துச் சேர்க்கலாம். அதற்குக் கடை திறந்திருக்க வேண்டும்.