மண் சரிந்தால் முதலில் ஓடி வருவது நாம்தான்: மீட்புக் குழுத் தொண்டர்களுக்கு ஒரு பாடம்



அடை மழை பிடித்தால் மலையில் இருக்கும் நமக்கு நித்திரை கிடையாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2016 மே மாதம் அரநாயக்கவில் நடந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலைநாட்டின் பல இடங்களில் நடந்தது. இராணுவமும் இயந்திரமும் வரத்தான் செய்யும். ஆனால் வருவதற்குப் பாதை வேண்டுமே! அதுவும் சரிந்து கிடக்கும். அதுவரைக்கும் தோண்டுவது பக்கத்து லயத்து ஆட்கள்தான். ஆகவே ஒவ்வொரு டிவிசனிலும் பத்துப் பன்னிரண்டு பேர் முன்கூட்டியே பழகி வைத்திருக்க வேண்டும்.

நான் கண்ட தவறு

முன்பு நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில், ஒரு மழை இரவு லயத்துக்குப் பின்னால் மண்மேடு விழுந்து கடைசிக் காம்பராவை மூடிவிட்டது. உள்ளே ஒரு பெரியவர் இருக்கிறார் என்று சத்தம். எல்லோரும் மம்பட்டியோடு பாய்ந்தோம். மேலே யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை மண் வந்து ஒரு தம்பியை இடுப்பு வரைக்கும் புதைத்தது. உயிர் தப்பியது கடவுள் புண்ணியம், கால் முறிந்தது. விடிந்த பிறகு பார்த்தால், அந்தப் பெரியவர் மேட்டு லயத்தில் மகள் வீட்டில் தூங்கியிருக்கிறார்! ஆளே இல்லாத இடத்தில் ஒரு இளைஞனைப் பலி கொடுக்கப் பார்த்தோம். நானும் அந்தக் கூட்டத்தில் கத்திக்கொண்டு நின்றவன்தான்.

முதல் வேலை: கொப்பி

மீரியபெத்தையிலும் முதல் நாட்களில் காணாமல் போனவர்கள் நூறு, இருநூறு, முந்நூறு என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். கடைசியில் எண்ணிக்கை அதைவிட நன்றாகக் குறைந்தது. யார் வேலைக்குப் போனார், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனது என்று தெரியாவிட்டால் எங்கே தோண்டுவது?

ஒரு அப்பியாசக் கொப்பி போதும். லய இலக்கம், காம்பரா இலக்கம், ஒவ்வொருவர் பெயர், வயது, நடக்க முடியாதவர், கர்ப்பிணி, கொழும்பில் வேலை செய்பவர் என்று எழுதுங்கள். மாதம் ஒரு முறை திருத்துங்கள். இந்த வேலைக்குப் பெண்களே பொருத்தம். எந்த வீட்டில் யார் படுக்கிறார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பிரதி வேறு பத்திரமான இடத்தில் இருக்கட்டும்.

மழையை அளப்போம்

பக்கம் நேராக உள்ள ஒரு வெறும் டின்னைத் திறந்த வெளியில் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம் சேர்ந்தால் விழிப்பாக இருங்கள். 100 மில்லிமீற்றர் என்றால் வெளியேற ஆயத்தம். 150 மில்லிமீற்றர், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால் உடனே வெளியேற வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு இது. சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கிளம்பும் ஊற்று, ஊற்று நீர் கலங்குவது, கதவு இறுகிப் போவது கண்டால் அளவு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். பிள்ளை குட்டிகளோடு கிளம்புங்கள்.

மண் விழுந்த பிறகு

1. 117க்கு, அதாவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அறிவியுங்கள். அம்புலன்ஸ் 1990.

2. ஒருவர் விசிலோடு மேட்டைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் தோண்டக் கூடாது. மூன்று குறுகிய ஊதல்: ஓடு. ஒரு நீண்ட ஊதல்: வேலையை நிறுத்து, சத்தம் போடாதே. ஒரு நீளம், ஒரு குறுக்கம்: மறுபடி தொடங்கு.

3. மின்சாரத்தை நிறுத்தாமல் யாரும் கிட்டப் போக வேண்டாம்.

4. கொப்பியைப் பார்த்துப் பெயர் கூப்பிடுங்கள். தப்பியவர்களைக் கோயிலடியில் கூட்டி எண்ணுங்கள். மிச்சம் உள்ள பெயர்களைத்தான் தேட வேண்டும்.

5. சுவரில் தட்டிக் குரல் கொடுத்து, எல்லோரும் மௌனமாகக் காது கொடுங்கள்.

6. ஆள் தெரிந்ததும் அலவாங்கையும் மம்பட்டியையும் வைத்துவிட்டுக் கையால் தோண்டுங்கள். முதலில் முகம், பிறகு நெஞ்சு. கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். கம்பளியால் போர்த்துங்கள். பலகையில் அல்லது கழற்றிய கதவில் வைத்துத் தூக்குங்கள். எவ்வளவு நேரம் புதைந்திருந்தார் என்று டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

7. விசில்காரர் ஓடச் சொன்னால் ஓடத்தான் வேண்டும். உள்ளே இருப்பது சொந்தத் தம்பியானாலும் சரி. சொல்வது லேசு, செய்வது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் மீட்கப் போனவனும் புதைந்தால், இரண்டு பேரையும் தேட ஆள் மிஞ்சாது.

கூடிப் பேச மூன்று கேள்விகள்

உங்கள் லயத்தில் நேற்றிரவு எத்தனை பேர் படுத்தார்கள்? இரவில் எழுப்பினால் எந்தப் பாதையால் எங்கே போவீர்கள்? நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது?

மூன்றுக்கும் பதில் தெரிந்தால் உங்கள் குழு பாதி ஆயத்தம். தெரியாவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கொப்பியைத் திறவுங்கள். சேர விரும்புகிறவர்கள் உங்கள் நலன்புரி உத்தியோகத்தரிடம் பெயர் கொடுங்கள்.