செய்தித் தளங்களைப் பற்றிய தப்பெண்ணங்கள்

ஒரு பெரிய பத்திரிகையின் இணையதளத்தைத் திறந்த மாத்திரத்தில், அதன் காரியாலயத்துக் கணினி நமக்கென்றே அப்பக்கத்தைத் தயாரித்து அனுப்புகிறது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவ்விதமானால் ஒரு தேர்தல் முடிவு நாளைக்கூட எந்தத் தளமும் தாங்காது. ஒருமுறை தயாரான பக்கத்தின் பிரதியை ஊர்தோறும் உள்ள 'கேஷ்' சர்வர்கள் வைத்துக்கொண்டு, கேட்பவர்க்கெல்லாம் அதையே வழங்குகின்றன என்பதே உண்மை.

வாசகர் கூட்டம் பெருகினால் யந்திரங்களைப் பெருக்குவதொன்றே வழி என்பது இன்னொரு நம்பிக்கை. நார்வேயின் 'வெர்டென்ஸ் காங்' தினசரி இதற்கு நேர்மாறான அனுபவத்தைக் கண்டது. அத்தளத்தின் பிரதிகளை 'ஸ்குவிட்' என்னும் மென்பொருளைக் கொண்டு பன்னிரண்டு யந்திரங்கள் வழங்கிவந்தன. 2006-இல் டென்மார்க்கைச் சேர்ந்த போல்-ஹென்னிங் காம்ப், அப்பத்திரிகைக்காக 'வார்னிஷ்' என்னும் புதிய மென்பொருளை எழுதியபின் மூன்றே போதுமானவையாயின. எந்தப் பக்கத்தை நினைவகத்தில் வைப்பது, எதை வட்டுக்கு மாற்றுவது என்று ஸ்குவிட் தானே தீர்மானித்துக்கொண்டிருக்க, அதே காரியத்தை இயங்குதளமும் தன் போக்கில் செய்துவந்தபடியால், முன்பே வட்டுக்குப் போய்விட்ட ஒன்றை மீண்டும் நினைவகத்துக்குக் கொணர்ந்து மறுபடி வட்டில் எழுதும் விசித்திரம் நேர்ந்தது. அந்தப் பொறுப்பை இயங்குதளத்திடமே விட்டுவிட்டார் காம்ப். புத்திசாலித்தனம் சில சமயம் வேலையைச் செய்யாமலிருப்பதிலும் இருக்கிறது!

பிரதி என்றாலே பழஞ்செய்தி என்ற சந்தேகத்துக்கும் ஆதாரமில்லை. பிரதியின் ஆயுளைச் சில விநாடிகளாகவும் நிர்ணயிக்கலாம். ஆசிரியர் திருத்தியவுடன் பழைய பிரதியை அழிக்கும்படி கட்டளையும் அனுப்பலாம்.

தளம் முடங்கினால் விரோதிகளின் வேலை என்று உடனே வதந்தி கிளம்புகிறது. 2021 ஜூன் 8-ஆம் தேதி கார்டியன், நியூயார்க் டைம்ஸ் முதலிய தளங்களும் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் தளமும் ஏககாலத்தில் மறைந்தபோதும் அப்படித்தான். அவற்றின் பிரதிகளை வழங்கிவந்தது, வார்னிஷை அடிப்படையாகக் கொண்ட பாஸ்ட்லி என்னும் ஸ்தாபனம். அதன் வாடிக்கையாளர் ஒருவர் முறைப்படியே ஓர் அமைப்பை மாற்ற, மே 12 முதல் அதன் மென்பொருளில் ஒளிந்திருந்த பிழை விழித்துக்கொண்டு, வலையமைப்பின் 85 சதவீதத்தை முடக்கிவிட்டது. 49 நிமிஷங்களில் பெரும்பகுதி சீரடைந்தது. அதற்குள் 'தி வெர்ஜ்' தளத்தார் கூகுள் டாக்ஸில் செய்தி வெளியிட ஆரம்பித்தார்கள். திருத்தும் உரிமையைத் தடுக்க மறந்துவிட்டபடியால், வாசகர்களும் உள்ளே புகுந்து எழுதலாயினர்.