சிவந்த கண்ணும் நிணநீர்க் கழலையும்

மும்பையின் கிழக்குப் பகுதியிலுள்ள தேவ்நாரில் 1927-இல் தொடங்கிய பெருங் குப்பைமேடு ஒன்று உண்டு. 2016 ஜனவரி இறுதியில் அது பற்றியெரிந்தபோது புகை பல நாள் சுற்றுப்புறத்தைச் சூழ்ந்து நின்றது. தூசியும் புகையும் மலிந்த இத்தகைய இடத்தில் சிவந்த கண் ஒரு புதுமையன்று. களப்பணியாளர் சொட்டு மருந்து அளித்து அனுப்புவர். பெரும்பாலும் அது போதுமானதே. ஆயினும் மிக அரிதாக, இச்சிவப்பினூடே நிணநீர்க் கழலையொன்று மறைந்திருத்தல் கூடும். புகை அதனை உண்டாக்குகிறது என்று கொள்ளலாகாது. சிவந்த கண்கள் பலவற்றிடையே அது தப்பிவிடும் என்பதே இங்குக் கருதத்தக்கது.

கண்ணின் வெண்பகுதியையும் இமைகளின் உட்புறத்தையும் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வு இணைப்படலம் எனப்படும். இக்கழலை அதனடியில் வழவழப்பான திட்டாகப் படர்கிறது. மேனாட்டு நூல்கள் அதன் நிறத்தைச் சால்மன் மீனின் சதைக்கு ஒப்பிடும். அம்மீனைக் கண்டறியாத நம்மவர், சிறிது மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பு என்று கொள்ளலாம். வலி, அரிப்பு, பீளை பெரும்பாலும் இரா. நடுவயது கடந்தோரிடமே மிகுதியாகக் காணப்படும். பல மாதங்களாக மெல்ல வளரும். சிலருக்கு இரு கண்களிலும் தோன்றும். கருவிழியை நோக்கி முக்கோணமாக வளரும் கண்சதையினின்றும் இது வேறு. இமைக்குப் பின்னே ஒளிந்திருப்பதும் உண்டாதலால், நோயாளியைக் கீழே பார்க்கச் செய்து மேலிமையை உயர்த்தியும், மேலே பார்க்கச் செய்து கீழிமையைத் தாழ்த்தியும் காணுதல் வேண்டும்.

இவ்விடத்தில் நேரும் பெரும்பிழை ஸ்டிராய்டு சொட்டு மருந்து. அது நிணநீர் அணுக்களை அழிக்குமாதலால் திட்டு சுருங்கும். நோயாளியும் குணமென்று மகிழ்வார். பின்னர்த் திட்டு மீண்டும் எழும்பும். இடையே திசு எடுத்துச் சோதித்தாலோ தெளிவான விடை கிட்டாமற் போகலாம்.

தீங்கற்ற நிணநீர்த் திசுப் பெருக்கமும் லிம்போமா என்னும் புற்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். தேர்ந்த மருத்துவரும் பார்வையால் மட்டும் பிரித்துரைக்க இயலாது. சிறு துண்டு திசு எடுத்தே தீரவேண்டும். பி-வகை நிணநீர் அணு ஒவ்வொன்றும் காப்பா, லாம்டா என்னும் இரு புரதச் சங்கிலிகளுள் ஒன்றையே ஆக்கும். இரண்டும் கலந்திருப்பின் அது பல மூலங்களினின்று திரண்ட கூட்டம். ஏறக்குறைய அனைத்தும் ஒரே வகையாயின், ஓரணுவின் வழித்தோன்றல்கள் என்னும் ஐயம் வலுக்கிறது. இச்சோதனைகளுள் சிலவற்றைப் பார்மலினில் இட்ட திசுவிலேயே செய்யலாம். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கோ உயிருள்ள அணுக்கள் வேண்டும். துண்டு முழுவதையும் பழக்கத்தால் பார்மலின் புட்டியில் இட்டுவிட்டால் அவ்வழி அடைபட்டுவிடும். ஆகவே எப்பகுதியை எதில் இடுவது என ஆய்வகத்தாரை முன்னரே கேட்டறிதல் நன்று.

இக்கழலைகளுட் பெரும்பான்மை, 1983-இல் ஐசக்சன், ரைட் என்போர் விளக்கிய மெதுவான வகையைச் சேர்ந்தவை. கண்ணோடு நில்லாது உடலின் பிற பாகங்களிலும் இருக்கக்கூடுமாதலால் முழுவுடற் சோதனை தேவை. கண்ணளவில் நின்றதாயின் சுமார் 24 கிரே கதிர்வீச்சே பெரும்பாலும் போதும். தேவ்நார்ப் பகுதியினர்க்குப் பரேலில் 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை எட்டும் தொலைவிலேயே உள்ளது. அனுப்பும் சீட்டில் திட்டு முதலிற் காணப்பட்ட மாதத்தையும், அதுகாறும் இட்ட சொட்டு மருந்துகளின் பெயர்களையும் தவறாது எழுதுதல் வேண்டும். பெயர் தெரியாவிடில் காலிப் புட்டியையே உடன் கொடுத்தனுப்பலாம்.