மாய ஆலை

'கிராபாட்' என்பது ஓட்ஃபிரீட் பிராய்ஸ்லர் எழுதி, 1971ஆம் ஆண்டு வெளிவந்த ஜெர்மன் புதினம். பெற்றோரை இழந்த 14 வயதுச் சிறுவன் கிராபாட், மாவு ஆலையொன்றில் பணியாளன் ஆனான். வெள்ளிக்கிழமைதோறும் அங்குள்ள பணியாளர்கள் அண்டங்காக்கைகளாக உருமாறி, ஆலைத் தலைவனிடம் மாயவித்தை கற்றனர்.

தன் உயிரைக் காத்துக்கொள்ள அவன் ஆண்டுக்கு ஒருவரைப் பலியிட்டான். நண்பன் தோண்டாவை இவ்வாறு இழந்த கிராபாட், தலைவன் தன் பதவியையே தர முன்வந்தபோதும் மறுத்தான்.

கிராபாட்டை நேசித்த பெண்ணொருத்தி அவனை மீட்க வந்தாள். கண்களைக் கட்டிய நிலையில் அவனைக் கண்டறிய வேண்டும் என்பது சோதனை. வரிசையில் நின்றவர்களுள் தன்பொருட்டு அஞ்சியவன் எவன் என உணர்ந்து, கிராபாட்டை அடையாளம் காட்டினாள். அனைவரும் விடுதலை பெற்றனர். மாய ஆற்றலை இழந்தனர்.

சொற்பொருள்: தன்பொருட்டு – தனக்காக

சிந்தித்து எழுதுக: மாய ஆற்றலை இழந்தவர்கள் பெற்றது என்ன?